ஜீப் வாடகையும் இடம் மாறின மைனஸும்

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் வாடகை 1200 ரூபாய்னு வச்சுக்குவோம். கூட 2 பேர் ஏறினதால தலைக்கு 100 ரூபாய் குறைஞ்சிருச்சு. முதல்ல எத்தனை பேர்?

எக்ஸ் பேர்னு வச்சு நான் எழுதினது: 1200/(எக்ஸ்+2) – 1200/எக்ஸ் = 100. ரெண்டு பக்கமும் எக்ஸ்(எக்ஸ்+2)ஆல பெருக்கிச் சுருக்கினா, எக்ஸ்² + 2எக்ஸ் + 24 = 0. இதுக்கு மெய்யெண் விடையே கிடையாது!

பெருக்கல்ல தப்பில்லை, தப்பு முதல் வரியில. ஆள் கூடினா பங்கு குறையும். அப்போ பெரிய பங்கான 1200/எக்ஸ்தான் முன்னால வரணும். மாத்தினதும் +24, –24 ஆகுது. விடை 4 அல்லது –6. ஆள் எண்ணிக்கை மைனஸ்ல வராது.

4-ஐக் கதையிலேயே வச்சுப் பாருங்க: 4 பேருக்கு 300, 6 பேருக்கு 200. வித்தியாசம் 100, சரி!

கோடிங்கும் இப்படித்தான். எர்ரர் காட்டுற வரியிலயே நிக்காம, மேலே ஏறிப் பாருங்க.