‘மரத்துக் கோழி’: ஃபுளோரிடாவில் பச்சை இகுவானாவைப் பிடித்துச் சமைப்பது ஏன்?

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் உடும்புக் கறி என்று சொல்லிப் பாருங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலும் இப்போது அப்படி ஒரு பேச்சு உண்டு. அங்கே சட்டிக்குப் போவது உடும்பு அல்ல, பச்சை இகுவானா. அதைப் பிடிக்கச் சொல்லி அரசாங்கமே மக்களை ஊக்குவிக்கிறது.

எப்படி வந்தது?

பச்சை இகுவானாவின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. தென் ஃபுளோரிடாவில் அது 1960களில் முதன்முதலாகக் காணப்பட்டது. செல்லப்பிராணியாக வாங்கப்பட்டவற்றுள் சில தப்பின. கைக்குட்டை நீளத்தில் வாங்கியது ஐந்தடி வளர்ந்ததும், வைத்துக்கொள்ள முடியாமல் சிலர் வெளியே விட்டார்கள். ஒரு பெண் இகுவானா ஆண்டுக்கு ஒருமுறை 14 முதல் 76 முட்டைகள் வரை இடும். வெயிலும் பசுமையும் நிறைந்த ஊர். பெருகுவதற்குக் கேட்கவா வேண்டும்?

செம்பருத்திப் பூ அதற்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தோட்டத்துச் செடிகளைவிடப் பெரிய இழப்பு மண்ணுக்கடியில். முட்டையிட அது தோண்டும் வளைகளால் கால்வாய்க் கரை, நடைபாதை, கடலோரத் தடுப்புச் சுவர் எல்லாம் சரிகின்றன.

பிடிப்பதும் சமைப்பதும்

நில உரிமையாளரின் அனுமதி இருந்தால், தனியார் நிலத்தில் ஆண்டு முழுவதும் இகுவானாவைப் பிடித்துக் கொல்லலாம். வதைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிடித்ததை வேறு இடத்தில் கொண்டுபோய் விடவும் கூடாது. 2021 முதல் அதைப் புதிதாகச் செல்லப்பிராணியாக வாங்கவும் தடை.

குளிர்காலத்தில் வேட்டை எளிது. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால், இகுவானா விறைத்து மரத்திலிருந்து தொப்பென்று விழும். 2020 ஜனவரியில் மயாமி வானிலை நிலையம் இதற்காகவே மக்களை எச்சரித்தது. விழுந்தது செத்துவிட்டது என்று நினைத்துக் காரில் போட்டால் ஆபத்து. சூடு ஏறியதும் எழுந்து ஓடும், கடிக்கும், வாலால் விளாசும்.

இலத்தீன் அமெரிக்காவில் இதை உண்பது பழைய வழக்கம். ஸ்பானிய மொழியில் அதன் செல்லப்பெயரே ‘மரத்துக் கோழி’. கால், வால் பகுதியில்தான் கறி அதிகம், கொழுப்பு குறைவு. முதலில் வேகவைத்து, பிறகு குழம்பாக வைப்பார்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் நன்றாக வேகவைப்பதும், அறுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அவசியம்.

தின்றே தீர்த்துவிட முடியுமா?

வீட்டுச் சமையலால் மட்டும் முடியாது. கரீபியக் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில், 2018 அக்டோபரில் அரசு வேட்டைக்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துப் பச்சை இகுவானாக்களை ஒழிக்கத் தொடங்கியது. ஒரு மில்லியனுக்கும் மேல் கொல்லப்பட்டன. இன்னும் அடியோடு ஒழியவில்லை.

அதே தீவில் நீல இகுவானா என்ற இன்னொரு இனமும் உண்டு. அது அந்த மண்ணுக்கே உரியது. 2000களின் தொடக்கத்தில் காட்டில் 25கூட மிஞ்சவில்லை. இனப்பெருக்கம் செய்து மீட்டெடுத்தார்கள். ஒன்றைக் கொல்லக் கூலி, மற்றொன்றைக் காக்கச் சட்டம். வெளியிலிருந்து வந்து இடத்தைப் பிடித்ததா, இந்த மண்ணிலேயே பிறந்ததா என்பதுதான் வேறுபாடு.

நமக்கு இதில் என்ன?

நம் தோட்டத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் திரியும் உடும்பு, அந்த நீல இகுவானாவைப் போல இந்த மண்ணின் பிராணி. எலியையும் செத்த பிராணிகளையும் தின்று சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் உரிமம் இல்லாமல் அதை வேட்டையாடுவது குற்றம். சிங்கப்பூரிலும் அனுமதியின்றி வனவிலங்குகளைப் பிடிக்கவோ கொல்லவோ முடியாது.

சிங்கப்பூரில் பச்சை இகுவானாவும் ஏற்கெனவே காட்டில் காணப்படுகிறது. அதற்கும் காரணம் ஆசைக்கு வாங்கி வளர்த்ததாக இருக்கலாம். ஃபுளோரிடாக்காரர்கள் இன்று வேட்டையாடிக் கழிக்கும் கடன், அன்று சிலர் கூண்டைத் திறந்துவிட்டதால் வந்தது. வளர்க்க முடியாத பிராணியை வாங்காமல் இருப்பதும், வாங்கியதைக் காட்டில் விடாமல் இருப்பதும் நம்மால் ஆகக்கூடியவை.