குடிகள் பணத்தில் எழுந்த மாளிகை

திருவாலங்காட்டில் 1905-ம் வருஷம் அகப்பட்ட ராஜேந்திர சோழன் செப்பேடுகளை நேயர்கள் அறிவார்கள். பழையனூர்க் கிராமத்தை ஆலயத்திற்கு அளித்த அரசாணை 31 ஏடுகளில் பொறிக்கப்பட்டு, வளையத்தில் கோத்து முத்திரையிடப்பட்டு, ஏறக்குறைய 900 வருஷங்கள் அழியாமல் நின்றது. அரசாங்கப் பொருளைக் காப்பதற்கு இதுவன்றோ உதாரணம்!

அதே திருவாலங்காடு பிற்காலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனுள் அடங்கியிருந்தது. அப்பாளையமோ ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டியது. இவ்விதம் குடிகளிடமிருந்து திரண்ட வருமானத்தை நம்பியே நவாப் முகம்மது அலி வாலாஜா, சென்னைச் சேப்பாக்கத்தில் 1768-ல் தமது அரண்மனையை எழுப்பினார். ஹுமாயூன் மஹால், கலச மஹால் என அது இரு பகுதிகளாயிற்று.

வருமானத்தை விஞ்சிக் கடன் வளர்ந்தது. கடன் கொடுத்தவர்களோ பால் பென்பீல்டு முதலிய கும்பினி உத்தியோகஸ்தர்கள்! அவர்களது வட்டிக் கொள்ளையை 1785-ல் எட்மண்டு பர்க் ஆங்கிலப் பார்லிமெண்டிலேயே கண்டித்தார். 1855-ல் நவாப் குலாம் கௌஸ்கான் வாரிசின்றி மறைந்தார். 1859-ல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது. சர்க்காரே அதை வாங்கிற்று. பின்னர் ரெவினியூ போர்டு அங்கு அமர்ந்து, 1980-ல் அது கலைக்கப்படும் வரை நிலவரியை நிர்வகித்தது. ஆகவே, குடிகள் இம்மாளிகைக்கு முதலில் கப்பமாகவும், பின்னர் வரியாகவும் இருமுறை விலை கொடுத்தவர்களாவர்.

கட்டிடத்தின் அமைப்பு நம் நாட்டுத் தச்சர் கொத்தர்களின் திறமைக்குச் சான்று. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர்கள்; வெயிலைத் தடுக்கும் வளைவுத் தாழ்வாரங்கள்; மர உத்திரங்களின் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய மச்சு. இரு மஹால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பிய சிஸ்ஹோம் துரையே, 1874 முதல் 1879 வரை அருகில் செனட் மண்டபத்தையும் நிர்மாணித்தார். இந்தோ-சாரசனிக் என்று புகழப்படும் பாணிக்குச் சேப்பாக்கம் ஒரு முன்னோடியாகும்.

இத்தகைய பொக்கிஷத்தில் 2012 ஜனவரி 16-ந் தேதி தீப்பற்றியது. அரசாங்கக் காரியாலயங்கள் இயங்கிய கலச மஹாலின் கூரை இடிந்து விழுந்தது; தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிர்நீத்தார். பின்னர்ப் பொதுப்பணித் துறை அதைச் செப்பனிட்டது; தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இடம்பெற்றது. செய்தது நன்றே. ஆயினும் செப்பனிட்ட சுவர் திரும்பி வரலாம். போன உயிர் திரும்புமா?

நாம் வேண்டுவது ஆடம்பரமன்று. பழைய கச்சேரிக் கட்டிடங்கள் ஒவ்வொன்றிலும் வருஷந்தோறும் மின்கம்பிகளையும் மர உத்திரங்களையும் பரிசோதிக்க வேண்டும். காகிதக் கட்டுகளை மச்சு முட்டக் குவித்தல் ஆகாது. சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிச் சிமெண்டு பூசுதல் கூடாது. இவற்றை அதிகாரிகள் செய்கிறார்களா என்று அந்தந்த ஊர்ப் பொதுஜன ஊழியர்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு உரிமை அவர்களுக்கு உண்டு. விலை கொடுத்தவர் அவர்களே அன்றோ!