பத்திரங்கள் நனையாதிருக்க

1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய நாம், பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையிற் சுற்றியே காத்தோம். நியூ ஜேர்சியில் மோட்டார் சைக்கிளில் அகதி நேர்முக விசாரணைக்கு மூலப்பத்திரங்களுடன் செல்வோர்க்கும் அப்பாடம் உதவும். 2021 செப்ரெம்பர் 1இல் ஐடா புயலின் எச்சம் அங்கே பெருவெள்ளம் தந்ததை மறத்தலாகாது.

ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று மழைநீரைப் பையின் தையல் துளைகளூடாகவும் சிப்பினூடாகவும் உட்செலுத்தும். மேலுறையை மட்டும் நம்பின் அது காற்றிற் கழன்றும் போகலாம். ஆதலால் பத்திரங்களைத் தடித்த பொலித்தீன் பையிலிட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மும்முறை சுருட்டி இறுகக் கட்டி, பின்னரே பயணப் பையில் வைத்தல் வேண்டும். புறப்படுமுன் பிரதிகளை வீட்டில் வைத்திடுக.

நனைந்த துணி உலரும். கரைந்த மை மீளாது.