இலண்டன் மாநகரின் இறைச்சிக் கூடங்கள்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு அருவருப்பைத் தரலாம். கேட்போருள் புலால் உண்ணாதார் பலர் இருப்பர். நானும் அவர்களுள் ஒருவன். எனினும், இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் நகரத்தில் ஆடுமாடுகளை எவ்விடத்தில் அறுப்பது, யார் மேற்பார்வையில் அறுப்பது என்பது அனைவர்க்கும் பொதுவான சுகாதாரக் கேள்வியாகும். தெருச் சாக்கடை சைவர் வீட்டு வாசலையும் கடந்துதான் ஓடுகிறது. விக்டோரியா அரசியார் காலத்து இலண்டன் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைச் சொல்லுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலண்டனின் கால்நடைச் சந்தை ஸ்மித்பீல்டு என்னுமிடத்தில் கூடியது. அது ஊருக்குப் புறம்பான இடமன்று. புனித பால் பேராலயத்துக்கும் புனித பார்த்தலோமியோ மருத்துவமனைக்கும் அருகில், நகரின் நெஞ்சிலேயே இருந்தது. ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்பிற்குள் ஆண்டொன்றுக்குச் சுமார் 2,20,000 மாடுகளும் 15,00,000 ஆடுகளும் நெருக்கி அடைக்கப்பட்டன. திங்கட்கிழமைச் சந்தைக்காக ஞாயிறு இரவிலேயே மந்தைகள் குறுகிய தெருக்களில் அடித்து ஓட்டப்படும். விற்ற பிராணிகளுட் பல அருகிலுள்ள சந்துகளிலேயே அறுக்கப்பட்டன. நியூகேட் பக்கத்தில் சில கடைகளுக்கு அடியிலிருந்த நிலவறைகளே கொலைக்களங்களாயின. வெளிச்சமில்லை, காற்றில்லை, போதிய நீருமில்லை.

பாரிஸ் நகரம் இவ்வகையில் முந்திக்கொண்டது. 1810 ஆம் ஆண்டில் நெப்போலியன் பிறப்பித்த ஆணைப்படி அந்நகரின் ஓரங்களில் ஐந்து பொது இறைச்சிக் கூடங்கள் எழுந்தன. 1818 இல் அவை திறக்கப்பட்டதும் நகருக்குள் தனியார் அறுப்பது நின்றது. நாவலாசிரியர் டிக்கன்ஸ் மோமார்த்தர் கூடத்தை நேரில் கண்டு வந்து, 1851 இல் தம் வார இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். பிரெஞ்சுக்காரரை எள்ளி நகையாடுவதுபோல் தொடங்கித் தம் நாட்டாரையே அதில் நாணச் செய்தார்.

அவ்வாண்டிலேயே சந்தையை அகற்றும் சட்டம் நிறைவேறியது. சந்தை வருமானத்தை இழக்க மனமில்லாத இலண்டன் நகர மன்றம் நெடுநாள் எதிர்த்துப் பார்த்துப் பின் இணங்கிற்று. வடக்கே இஸ்லிங்டன் பகுதியில், கோபன்ஹேகன் வயல் எனப்பட்ட மேட்டு நிலத்தில் புதிய சந்தை அமைந்தது. 1855 ஜூன் 13 அன்று ஆல்பர்ட் கோமகன் அதைத் திறந்துவைத்தார். கட்டடக் கலைஞர் பன்னிங் என்பவர் நடுவே உயர்ந்த மணிக்கூண்டையும், நாற்புறமும் பட்டிகளையும், ஒருபால் பொது இறைச்சிக் கூடங்களையும் அமைத்திருந்தார்.

இவ்விடத்தில் பொது இறைச்சிக் கூடம் திட்டமிடும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் கழுவிய நீர் தேங்காது வடியும். நீர் ஏராளமாக வேண்டும். தரை, இரத்தம் ஊறாத கல்லாலும் சிமெண்டாலும் ஆனதாக இருத்தல் வேண்டும். சுவரும் ஆள் உயரத்துக்கேனும் கழுவத்தக்கதாக இருத்தல் வேண்டும். பிராணிகள் நுழையும் வழி வேறு, இறைச்சி வெளியேறும் வழி வேறு. நெடுந்தொலைவு நடந்து களைத்த மாட்டை உடனே அறுத்தால் அதன் இறைச்சி விரைவில் கெடும்; ஆதலின் அது இளைப்பாறித் தண்ணீர் குடிக்கத் தொழுவம் தேவை. நோயுற்றதை ஒதுக்கி வைக்கத் தனித் தொழுவமும் தேவை. தோல், குடல், இரத்தம் ஆகியவற்றை அன்றாடம் அகற்றிவிட வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது மருத்துவ அறிவுடையவரின் பார்வை. கடையில் தொங்கும் தொடைக்கறியை மட்டும் கண்டு மாட்டின் நோயை அறிய இயலாது. காசநோயின் கட்டிகள் நுரையீரலிலும், விலாவின் உட்புறத்தை மூடிய சவ்விலும்தான் பெரும்பாலும் தென்படும். பேராசைக்காரன் நுரையீரலை எறிந்துவிட்டுச் சவ்வையும் உரித்துவிட்டால் எஞ்சிய இறைச்சி பார்வைக்குக் குற்றமற்றதாகிவிடும். அத்தகைய மலிவான கறி எவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? தொழிலாளர் குடியிருப்புகளுக்குத்தான். அறுக்கும் வேளையில் ஆய்வாளர் அருகிலிருந்தாலன்றி இத்தீமைக்குத் தடையில்லை. ஆயிரம் கொல்லைப்புறங்களில் ஒரே வேளையில் அறுப்பு நடந்தால் எத்தனை ஆய்வாளர்களை அமர்த்த முடியும்?

இலண்டனில் நேர்ந்ததும் அதுவே. சந்தை இடம் பெயர்ந்தது. அறுப்பு இடம் பெயரவில்லை. 1870களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தனியார் கூடங்கள் மாநகரெங்கும் சிதறிக் கிடந்தன. 1844 ஆம் ஆண்டுச் சட்டம் அருவருப்பான தொழில்களுக்கு முப்பது ஆண்டுத் தவணை அளித்திருந்தது. தவணை முடியும் தறுவாயில், 1874 இல் பாராளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை இயற்றி, அறுப்புத் தொழிலை உரிமமும் விதியும் கொண்டு நடத்த அனுமதித்துவிட்டது. முப்பது ஆண்டு அவகாசம் பெற்ற மாணவன் தேர்வு நாளன்று மேலும் அவகாசம் கேட்டதை நான் பள்ளியில் கண்டதுண்டு; அரசாங்கமே அவ்வாறு செய்ததை வரலாற்றில்தான் கண்டேன்.

இறைச்சி வணிகர்களின் வழக்கையும் கேட்பதே நீதி. சிறிய வணிகன் தானே மாட்டைத் தேர்ந்து வாங்கித் தன் கொல்லையில் அறுத்து விற்றான்; அதுவே அவன் நாணயத்துக்குச் சான்று. கோடைகாலத்தில் பனிக்கட்டி வசதியின்றி இறைச்சியை வண்டியில் நெடுந்தூரம் கொண்டுவந்தால் கெட்டுப்போகும். பொதுக் கூடத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்; போட்டியாளரின் கண்முன் தொழில் செய்யவும் வேண்டும். பெருவணிகர் தாங்குவர், இவன் தாங்கான். இந்த அச்சம் பொய்யன்று. சாக்கடை அமைத்தபோது எவருடைய கடையும் மூடப்படவில்லை. ஆகவே அது நிறைவேறியது. இங்கோ பலருடைய பிழைப்பு குறுக்கே நின்றது. அவர்களுக்குத் தக்க ஈடு கொடுத்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

கட்டாயம் இருந்த இடத்தில் காரியம் நடந்தது. 1865 இல் இலண்டனில் மாட்டுக் கொள்ளைநோய் தோன்றி நாடெங்கும் பரவியது. அதன் பின்னர், நோய்ப் பகுதிகளிலிருந்து கப்பலில் வரும் மாடுகளைத் துறைமுகத்திலேயே அறுக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. அதற்கென 1871 இல் டெப்ட்போர்டிலிருந்த பழைய அரசுக் கப்பல் தளம் சந்தையும் இறைச்சிக் கூடமுமாக மாற்றப்பட்டது. உள்நாட்டு மாட்டுக்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. பிரஷ்யாவில் 1868 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் கூடத்தில்தான் அறுக்க வேண்டுமென்று கட்டளையிடும் உரிமையை நகரங்களுக்கு அளித்தது. மருத்துவ அறிஞர் விர்க்கோவ் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1881 இல் பெர்லின் நகரம் இருப்புப்பாதையை ஒட்டிப் பெருங்கூடம் ஒன்றைத் திறந்தது. அங்கே பன்றி இறைச்சியை நுண்ணோக்கியில் வைத்துப் புழுக்களைத் தேடினர்.

இலண்டன் மாவட்ட மன்றமும் அந்நூற்றாண்டின் இறுதியில் பொதுக் கூடங்களுக்குத் திட்டம் தீட்டியது. வணிகர் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. அதற்குள் வேறொரு மாற்றம் தொடங்கியிருந்தது. 1880 பிப்ரவரியில் ‘ஸ்ட்ராத்லெவன்’ என்னும் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியைக் கேடின்றி இலண்டனுக்குக் கொண்டுவந்தது. பின்னர் நியூசிலாந்தும் அர்ஜென்டினாவும் அனுப்பத் தொடங்கின. கடலுக்கு அப்பாலே அறுத்த இறைச்சி வரவர, கொல்லைப்புறக் கூடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இஸ்லிங்டன் சந்தையும் 1939 இல் போர் மூண்டபோது நின்றுபோயிற்று. பன்னிங் கட்டிய மணிக்கூண்டு மட்டும் இன்று ஒரு பூங்காவின் நடுவே நிற்கிறது. பட்டிகள் இருந்த இடத்தில் இப்போது குழந்தைகள் விளையாடுகிறார்கள்.