மீன் வயிற்றில் புழு: அழுகலா, ஏமாற்றா?



போன மாதம் கடலோர ஊர் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். வாடிக்கை வீட்டில் வாளை மீனை அறுத்தபோது வெள்ளைப் புழு தெரிந்ததாம். "அழுகுன மீனை என் தலையில கட்டிட்டியே"ன்னு தெருவே கேட்கும்படி சத்தம். அன்றைக்கு மிச்ச மீனை யாருமே வாங்கவில்லை. குழுவில் கடன் வாங்கிப் போட்ட முதல் அது.

அந்தப் புழு அழுகலால் வந்ததில்லை. ஈ முட்டையிட்டு வரும் புழு வேறு. இது மீன் உயிரோடு நீந்தும்போதே அதன் வயிற்றுக்குள் போன உருண்டைப் புழுவின் குஞ்சு. குடல், ஈரல் மேல் கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுருண்டு கிடக்கும். இதில் பல வகை உண்டு, பேர்போனது அனிசாகிஸ். அதன் தாய்ப்புழு திமிங்கிலம், ஓங்கில் இவற்றின் வயிற்றில் வாழ்கிறது. முட்டை கழிவோடு கடலில் விழும். பொரிந்த குஞ்சைக் கூனி போன்ற சின்ன உயிர்கள் தின்னும், கூனியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனை வாளை விழுங்கும். அதனால்தான் பெரிய மீனில் புழு அதிகமாகச் சேர்கிறது.

ஆபத்து உண்டா? பச்சையாகத் தின்றால் உண்டு. உயிருள்ள புழு இரைப்பைச் சுவரில் துளைத்து ஏறும். சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி, வாந்தி. லேசாக உப்புப் போட்ட பச்சை மீனைத் தின்றவர்களிடம் இதைக் கண்டு 1960-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஜப்பானில் இன்றும் இது சகஜம்.

நம்ம வீட்டில் கொதிக்கிற குழம்பில் புழு பிழைக்காது. மீனின் நடுப்பகுதிவரை 60 டிகிரி சூடு ஒரு நிமிடம் ஏறினால் செத்துவிடும். தடித்த துண்டை வறுக்கும்போதுதான் கவனம் வேண்டும்: மேலே சிவந்திருக்கும், உள்ளே வெந்திருக்காது. எலுமிச்சைச் சாறு, வினிகரை நம்பக்கூடாது. ஐஸ் பெட்டியும் புழுவைக் கொல்லாது. அதற்கு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். சிலருக்கு மட்டும் செத்த புழுவாலும் தடிப்பு, அரிப்பு வரலாம். அப்படி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

விற்கிறவர்களுக்கு ஒன்று. மீன் செத்தபிறகு புழு குடலிலிருந்து சதைக்குள் நகரும். ஆகவே சீக்கிரம் குடலை எடுத்து ஐஸ் போடுங்கள். கருவாட்டுக்கும் அப்படியே. எடுத்த குடலைக் கடலில் வீசாமல் புதையுங்கள்.

அந்த அக்கா இப்போது வாளையை வாங்குகிறவர் கண்ணெதிரே கீறி, குடலை எடுத்துத்தான் கொடுக்கிறார். பழைய வாடிக்கை வீட்டம்மா மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.