மதில் இழந்த கோட்டை நகரம்

மயிலாப்பூரின் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் சாந்தோம், ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த தனி நகரம். ஆங்கிலேயர் 1639-இல் வடக்கே சென்னைப்பட்டினத்தில் இடம் பெறுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பே போர்த்துக்கீசியர் இங்கே குடியேறிவிட்டனர். ஏசுவின் சீடரான புனித தோமையாரின் கல்லறை இங்குதான் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களை ஈர்த்தது. மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளிலேயே அந்தக் கல்லறை பேசப்படுகிறது. 1520-களில் கல்லறைமேல் தேவாலயம் எழுந்தது. 1606-இல் ஊர் தனி மறைமாவட்டத்தின் தலைமையிடமானது.

இந்த நகரம் வெற்று மணலில் முளைத்ததல்ல. கபாலீசுவரத்தைக் கடற்கரைக் கோயிலாகவே சம்பந்தர் பாடியிருக்கிறார். அந்தப் பழைய கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்து, பிறகு மேற்கே இன்றைய இடத்தில் எழுப்பப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சாந்தோமில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் அதற்கு வலுச் சேர்க்கின்றன. மயிலையின் பெருமை பேசுவோர் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது.

1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை நகரைப் பிடித்தது. பத்து ஆண்டுகள் கழித்து நடந்ததுதான் விறுவிறுப்பான கதை. திருகோணமலையில் டச்சுக்காரர்களிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே, 1672 ஜூலையில் சாந்தோம் கரைக்கு வந்து உணவுப் பொருள் கேட்டார். மறுத்தார்கள். கோட்டையையே பிடித்துக்கொண்டார். தரையில் கோல்கொண்டா, கடலில் டச்சு என இரு பக்க முற்றுகையை இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1674 செப்டம்பரில் சரணடைந்தார். அந்த இடைவெளியில் தெற்கே அனுப்பப்பட்ட பிரான்சுவா மர்த்தேன் அமைத்த குடியிருப்புதான் புதுச்சேரி. சாந்தோம் கைநழுவாமல் இருந்திருந்தால், பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம் மயிலாப்பூராகக்கூட இருந்திருக்கும்!

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மதில்கள் தரைமட்டமாயின. 1749-இல் ஆங்கிலேயர் ஊரைத் தம்வசமாக்கினர்.

தரங்கம்பாடியில் டேனியரின் 1620-ஆம் ஆண்டுக் கோட்டை இன்றும் நிற்கிறது. சாந்தோமில் தேடினாலும் மதில் கிடைக்காது. பழைய நகரத்தை அதன் தேவாலயங்களைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். பேராலயத்தின் இன்றைய வெண்ணிறக் கட்டடம் போர்த்துக்கீசியர் கட்டியதல்ல. பழையதை அகற்றிவிட்டு 1893 முதல் 1896 வரை நவகோதிக் பாணியில் எழுப்பப்பட்டது. பழமையைக் காண விரும்புவோர் மேற்கே லஸ் வரை நடக்க வேண்டும். அங்கே 1516 என்ற ஆண்டைக் கல்வெட்டில் தாங்கிய பிரகாச மாதா ஆலயம் இருக்கிறது. கல் சொல்லும் ஆண்டை ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. ஆனாலும் சென்னையின் மிகப் பழைய தேவாலயங்களுள் அது ஒன்று. சுற்றிலும் ஒரு காலத்தில் காடு இருந்ததால், இன்றைய நெரிசலுக்கு நடுவிலும் மக்கள் அதைக் காட்டுக்கோயில் என்றே அழைக்கிறார்கள்.

மயிலை மறைமாவட்டம் 1952-இல் சென்னையுடன் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமானது. அதன் தலைமைக் கோயில் இன்றும் சாந்தோம் பேராலயமே.