ஜப்பானில் குடியேற விரும்பும் அமெரிக்கர்கள்: கணக்கு எங்கே பிழைக்கின்றது?

ஜப்பான் என்றதும் நமது வர்த்தகர்களுக்கு வாகனங்களும் உதிரிப்பாகங்களுமே ஞாபகத்துக்கு வருகின்றன. அமெரிக்கர்கள் பலர் அண்மைக் காலமாக அந்நாட்டை வேறொரு கண்கொண்டு பார்க்கின்றனர். அங்கே போய்க் குடியிருக்கலாமா என்பதே அவர்களது யோசனை. ஏற்கனவே 60 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கர்கள் அங்கு வதிகின்றனர். உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தைக் கொண்ட நாட்டை விட்டு ஒருவர் ஏன் புறப்பட வேண்டும்? அவர் போடும் கணக்கு சரியானதா? வெளிநாட்டில் தொழில் செய்ய எண்ணும் எவருக்கும் இதில் படிப்பினை உண்டு.

ஏன் ஜப்பான்?

முதற் காரணம் மருத்துவச் செலவாகும். அமெரிக்காவில் வேலை செய்யும் வயதினர் பலருக்கு மருத்துவக் காப்புறுதி தொழிலோடு சேர்ந்தே வருகின்றது. வேலை போனால் காப்புறுதியும் போய்விடும். ஜப்பானிலோ மூன்று மாதங்களுக்கு மேல் வதியும் வெளிநாட்டவரும் பொதுச் சுகாதாரக் காப்புறுதியில் சேர்ந்தாக வேண்டும். தவணைப் பணத்தை ஒழுங்காகச் செலுத்துபவர் சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 வீதத்தையே கையிலிருந்து கொடுப்பார். பெரிய சத்திரசிகிச்சை என்றால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பும் உண்டு. துப்பாக்கிக் குற்றங்கள் மிக அரிது என்பதும், புகையிரதச் சேவை நேரந்தவறாதது என்பதும் அடுத்த காரணங்கள்.

ஆனால் ஆசையைத் திட்டமாக மாற்றியது நாணய மாற்று விகிதமே. 2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 80 யென்னுக்கும் குறைவாகவே கிடைத்தது. 2024 ஜூலையில் அது 160 யென்னைத் தாண்டியது. 2022 முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டி வீதத்தை 5 வீதத்துக்கு மேல் உயர்த்தியது. ஜப்பானிய மத்திய வங்கியோ 2024 மார்ச் வரை வட்டியைப் பூச்சியத்துக்கும் கீழே வைத்திருந்தது. வட்டி கிடைக்கும் இடத்தை நோக்கிப் பணம் ஓடியதால் யென் வீழ்ந்தது.

எந்த நாணயத்தில் உழைப்பு?

இங்கேதான் முதலாவது பிழை நேர்கின்றது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மாத வாடகை 80 ஆயிரம் யென் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். டொலருக்கு 80 யென் என்றிருந்தபோது அதற்கு 1,000 டொலர் தேவைப்பட்டது. 160 யென் என்றால் 500 டொலர் போதும். அமெரிக்காவிலிருந்து டொலரில் ஓய்வூதியமோ, வாடகை வருமானமோ பெறுபவருக்கு இது பெரும் இலாபம்.

ஜப்பானில் ஆங்கில ஆசிரியராகவோ, கம்பனி ஊழியராகவோ வேலைக்குச் சேருபவரின் நிலை நேர்மாறானது. அவரது சம்பளம் மாதம் 3 இலட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் அது 3,750 டொலர். 150 யென் என்ற விகிதத்தில் 2,000 டொலர் மட்டுமே. அவருக்கு அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கல்விக் கடன் இருக்குமானால் அதை டொலரிலேயே அடைக்க வேண்டும். செலவு குறைந்த நாடு என்று போனவர், கடனைப் பொறுத்தவரை சம்பளம் குறைந்த நாட்டில் இருப்பதை அப்போதுதான் உணர்வார். யென்னில் வாகனம் வாங்கி ரூபாவில் விற்கும் நமது இறக்குமதியாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வீசா இன்றி வீடு

இரண்டாவது பிழை வீட்டை முதலிலும் வீசாவைப் பின்னரும் யோசிப்பது. 2023 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. கிராமப்புறங்களில் இவை மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. வெளிநாட்டவரும் நிலமும் வீடும் உறுதி எழுதி வாங்கலாம். ஆனால் வீடு வாங்கியதற்காக வீசா கிடைக்காது. வீசா இல்லாமல் செல்லும் அமெரிக்கர் ஒருவர் ஒரு தடவையில் 90 நாட்களே தங்கலாம்.

மேலும், அங்கு பழைய மர வீட்டுக்கு மதிப்புக் குறைவு. வரிக் கணக்கில் மர வீடொன்றின் ஆயுட்காலம் 22 வருடங்கள்தான். 1981 ஜூனில் கட்டடங்களுக்கான நிலநடுக்கப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்திய வீடு மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனியான வீசா ஜப்பானில் இல்லை. வெளிநாட்டுக் கம்பனிக்கு இணையம் மூலம் வேலை செய்பவர்களுக்கு 2024 மார்ச் இறுதியில் ஒரு வீசா அறிமுகமானது. அதற்கு வருட வருமானம் ஒரு கோடி யென்னாவது இருக்க வேண்டும். ஆறு மாதங்கள் மட்டுமே தங்கலாம், நீடிக்க முடியாது. இவ்வீசாவில் வருபவர் தமது மருத்துவக் காப்புறுதியைத் தாமே வாங்கி வரவும் வேண்டும்.

மூலதனம் ஆறு மடங்கு

சொந்தத் தொழில் நடத்த விரும்புவோர் நாடியது வியாபார முகாமையாளர் வீசாவை ஆகும். 50 இலட்சம் யென் மூலதனத்துடன் ஓர் அலுவலகமும் ஏற்ற தொழிற்திட்டமும் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. பெயரளவுக்குக் கம்பனி பதிந்து வதிவிட உரிமை பெறுகின்றனர் என்ற முறைப்பாடு வலுத்ததால், 2025 ஒக்டோபர் 16 முதல் விதிகள் மாற்றப்பட்டன. மூலதனம் 3 கோடி யென்னாக உயர்ந்தது. ஒரு முழுநேர ஊழியராவது இருத்தல் வேண்டும். விண்ணப்பதாரரோ, அந்த முழுநேர ஊழியரோ ஜப்பானிய மொழியில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று வருட முகாமைத்துவ அனுபவமோ முதுமாணித் தர பட்டமோ தேவை. தொழிற்திட்டத்தைத் தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் உறுதிப்படுத்தவும் வேண்டும்.

டொலருக்கு 150 யென் என்று பார்த்தால், ஏறத்தாழ 33 ஆயிரம் டொலருடன் திறந்த கதவு இப்போது 2 இலட்சம் டொலர் கேட்கின்றது. சிறிய தேநீர்க் கடையோ, விருந்தினர் விடுதியோ நடத்த எண்ணியவர்களின் திட்டம் இதனால் தலைகீழானது. ஏற்கனவே இவ்வீசாவில் இருப்பவர்களுக்கு மூன்று வருட கால அவகாசம் தரப்பட்டுள்ளது. இவ்விதி எல்லா நாட்டவருக்கும் பொதுவானது. ஆகவே ஜப்பானில் பழைய வாகன வியாபாரம் நடத்தும், அல்லது நடத்த எண்ணும் இலங்கையரும் இதைக் கவனத்தில் கொள்வது அவசியம்.

பின்தொடரும் வரி

மூன்றாவது விடயம் வரி. தனது பிரஜை எந்த நாட்டில் வசித்தாலும் அவரது உலகளாவிய வருமானத்துக்கு அமெரிக்கா வரி விதிக்கின்றது. இவ்வாறு செய்யும் நாடுகள் மிகச் சில. வெளிநாட்டில் உழைத்த வருமானத்தில் 2025 ஆம் ஆண்டுக்கு 1 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் வரை விலக்குப் பெறலாம். ஆனால் வட்டி, பங்கிலாபம், வாடகை, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இவ்விலக்கு இல்லை. ஜப்பானில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு என்பதால் பலருக்கு இரட்டை வரி ஏற்படுவதில்லை. வரி இல்லாவிடினும் வருமானம் வரம்பைத் தாண்டினால் படிவம் அனுப்பியே தீர வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை வருடத்தில் ஒரு நாளாவது 10 ஆயிரம் டொலரைத் தாண்டினால் அதையும் அறிவிக்க வேண்டும். தவறினால் தண்டப்பணம் கடுமையானது. ஓய்வூதியப் பங்களிப்பை இரு நாடுகளுக்கும் செலுத்துவதைத் தவிர்க்க 2005 ஒக்டோபர் முதல் ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது என்பது ஆறுதலான செய்தி.

ஆகவே ஜப்பான் அமெரிக்கருக்கு மலிவா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. டொலரில் வருமானமும், வாழ்க்கைத் துணை அல்லது தொழில் மூலமாக உறுதியான வீசாவும் உள்ளவருக்கு அது இலாபமே. சேமிப்பையெல்லாம் ஒரு பழைய வீட்டில் போட்டுவிட்டு வீசாவைத் தேடுபவருக்கு அது நஷ்டம். நாணய விகிதமும் மாறும், குடிவரவு விதியும் மாறும் என்பதை 2025 ஒக்டோபர் காட்டிவிட்டது. உழைப்பு எந்த நாணயத்தில், தங்குவது எந்த அனுமதியில், வரி எந்த அரசுக்கு என்ற மூன்றையும் கடதாசியில் எழுதிப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும். எந்த நாட்டுக்குப் போகும் வியாபாரிக்கும் இது பொருந்தும்.